திராட்சைப் பந்தலுக்குள் மண் பார்க்கும்போது செய்யக்கூடாதவை

கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை போட்டவர்கள் அடிக்கடி கேட்பது, "கொழுந்து மஞ்சளா வருது, என்ன உரம் போடலாம்?" உரக்கடைக்குப் போவதற்கு முன்னால் கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு பந்தலுக்குள் போங்கள்.

மேல்மண்ணை மட்டும் அள்ளிப் பரிசோதனைக்குக் கொடுப்பதுதான் முதல் தவறு. நெல்லுக்கு 15 செ.மீ. ஆழ மண் போதும். வருடக்கணக்கில் நிற்கும் கொடிக்கு 30, 60, 90 செ.மீ. ஆழங்களில் தனித்தனியாக எடுக்க வேண்டும். மூன்றையும் ஒன்றாகக் கலந்தால் அடியில் இருக்கும் கோளாறு தெரியாமலே போய்விடும்.

மண்ணைப் பார்த்துவிட்டு வேரைப் பார்க்காமல் குழியை மூடுவது இன்னும் பெரிய தவறு. கொடியிலிருந்து இரண்டடி தள்ளி மூன்றடி ஆழம் வெட்டி, குழிச்சுவரைக் கத்திமுனையால் மெல்லச் சுரண்டுங்கள். நான் பார்த்த ஒரு குழியில் ஒன்றரை அடிவரை நல்ல செம்மண், சல்லிவேர் நிறைய. அதற்குக் கீழே வெளுத்த சுக்கான் (சுண்ணாம்புக்கல்) அடுக்கு. பென்சில் கனத்தில் இறங்கிய வேர் அதில் முட்டி, முழங்கை மடக்கியதுபோல் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் நாலு சொட்டு விட்டதும் மண் நுரைத்துப் பொங்கியது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் கொடியால் எடுக்க முடியாது, கொழுந்து வெளுக்கும். அங்கே பெரஸ் சல்பேட்டை (இரும்புச்சத்து உப்பை) மண்ணில் கொட்டினால் காசு வீண், இலைவழித் தெளிப்புதான் கைகொடுக்கும். ஒன்றரை அடி வேருக்குத் தண்ணீரையும் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி விட வேண்டும்.

தோட்டம் முழுக்க ஒரே மண் என்று நினைக்காதீர்கள். சரிவில் மேல்பக்கம் சரளை, கீழ்பக்கம் களிமண் என்று இருக்கும். சாம்பல் நிற மண்ணில் துருப்புள்ளிகள் தெரிந்தால் அங்கே தண்ணீர் தேங்குகிறது. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் சொட்டுநீர் வால்வைத் தனித்தனியாக வையுங்கள்.

எருக்குவியல், வாய்க்கால், வரப்போரம் ஆகிய இடங்களில் மண் மாதிரி எடுக்கக் கூடாது. சொட்டுநீரில் ஈரவட்டத்தின் விளிம்பில்தான் உப்பு சேரும்; அங்கே மட்டும் எடுத்தால் கணக்கு தப்பும்.

மண்ணில் வெள்ளை பூத்தாலே ஜிப்சம் போடுவதையும் விட்டுவிடுங்கள். ஜிப்சம் களருக்கு, அதாவது சோடியம் மிகுந்த மண்ணுக்கு. கரையும் உப்பு மிகுந்த உவர் நிலத்துக்கு வடிகாலும் நல்ல தண்ணீரும்தான் மருந்து.

புதிதாகப் போடுபவர்கள் நடவுக்கு முன்பே குழி வெட்டிப் பாருங்கள். உப்பு தாங்கும் டாக்ரிட்ஜ் வேர்ச்செடியில் (ஒட்டுக்கட்ட அடியில் வைக்கும் திராட்சை வகை) ஒட்டுவதா, சொந்த வேரிலேயே விடுவதா என்பதை அப்போதுதான் முடிவு செய்ய முடியும். கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பிறகு அடிமண்ணை உடைக்க டிராக்டர் உள்ளே நுழையாது.