இரண்டு டப்பா சோதனைக்குப் போகும் முன்

மூன்று மாதமாக அடிவயிற்றில் வலி, உட்கார்ந்தால் கீழே எரிச்சல். புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) கோளாறோ என்று சந்தேகம். நானே மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கினேன். அந்தத் தப்பைச் செய்யாதீர்கள். மாத்திரை உள்ளே இருந்தால் கல்ச்சரில் (சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) கிருமி சிக்காமல் போகலாம்.

முதலில் 1999-இல் வந்த, அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் (என்ஐஹெச்) புராஸ்டேட் கேள்வித்தாளை நிரப்புங்கள். வலி, சிறுநீர், அன்றாட அவதி பற்றி 13 கேள்விகள். மொத்தம் 43 மதிப்பெண்; கூடினால் தொந்தரவும் கூடுதல். எனக்கு 24. தேதி போட்டு வைத்தேன்.

அப்புறம் புராஸ்டேட் சோதனை. 1968-இல் மியர்ஸ், ஸ்டேமி என்ற இரண்டு டாக்டர்கள் கொண்டுவந்தது நான்கு டப்பா முறை. இப்போது பல டாக்டர்கள் இரண்டோடு முடிக்கிறார்கள். முதல் டப்பாவில் நடுச்சிறுநீர் (முதலில் கொஞ்சம் விட்டுவிட்டுப் பிடிப்பது). பிறகு டாக்டர் ஆசனவாய் வழியே விரல்விட்டுச் சுரப்பியை அழுத்துவார். கூச்சம்தான், சீக்கிரம் முடிந்துவிடும். உடனே வரும் சிறுநீர் இரண்டாவது டப்பாவில். அதற்குக் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள் (நான் வைக்கவில்லை, ஒரு மணி நேரம் தண்ணீர் குடித்துக் காத்திருந்தேன்). குளிர்காய்ச்சல் இருந்தால் அழுத்தவே கூடாது; அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

எனக்கு இரண்டிலும் கிருமி இல்லை. ஆல்பா பிளாக்கர் மாத்திரை (சிறுநீர் எளிதாகப் போக உதவுவது), இடுப்புத்தளத் தசையைத் தளர்த்தும் பிசியோதெரபி என்று டாக்டர் கொடுத்தார். எட்டு வாரம் கழித்து அதே தாளை நிரப்பினேன்: 15.