வலைப்பதிவை ஆய்வேட்டில் காட்டலாமா சார்?

கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். கல்வெட்டுதான் என் பக்கம். தலைப்பில் உள்ள கேள்வியை வருஷத்துக்கு இரண்டு மாணவர்களாவது கேட்கிறார்கள். காட்டலாம். ஆனால் பதிவை அதற்குத் தகுந்தபடி எழுதியிருக்க வேண்டும்.

ஒரு சிவன் கோயில் அதிட்டானத்தில், அதாவது சுவருக்கு அடியிலுள்ள பீடத்தில், சோழர் காலக் கல்வெட்டு. வரியின் தொடக்கம் பொரிந்து போயிருந்தது. மிச்சத்தை 'மூவர் பேராடு தொண்ணூறு' என்று படித்து, மூன்று பேர் சேர்ந்து கோயில் விளக்குக்கு ஆடு விட்டார்கள் என்று பதிவு போட்டேன். இரண்டாம் நாளே ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் கீழே எழுதினார்: "மூவர் இல்லை ஐயா, மூவா. சாவா மூவாப் பேராடு."

பழைய கல்வெட்டில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவம். பெ, பே வேறுபாடும் கிடையாது. கல்லில் இருப்பது 'மூவரபபெரரடு' என்கிற மாதிரிதான். சாகாத, மூப்படையாத ஆடு என்று பொருள். செத்த ஆட்டின் இடத்தைக் குட்டி நிரப்பும், எண்ணிக்கை குறையாது, அணையாமல் எரியும் நந்தாவிளக்குக்கு நெய்யும் நிற்காது. அச்சிதழில் வந்திருந்தால் என் மூவர் இன்னும் ஆடு ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

அவரால் திருத்த முடிந்ததற்குக் காரணம், படமும் பதிவில் இருந்தது. எனவே முதலில் படம். காலை அல்லது மாலைச் சாய்வெயிலில், பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுங்கள். எழுத்து தெரிவதற்காகக் கல்லில் மாவு தேய்க்காதீர்கள், தயவுசெய்து. அப்புறம் கல்வெட்டின் வாசகத்தை இரண்டு முறை கொடுங்கள்: கல்லில் உள்ளபடி ஒன்று, புள்ளியும் காலும் போட்டு நீங்கள் படித்தபடி ஒன்று. ஐயமுள்ள எழுத்தை அடைப்புக்குள் வையுங்கள்.

தவறு தெரிந்தால் அழிக்காதீர்கள். வெட்கத்தில் நான் சத்தமில்லாமல் 'மூவா' என்று மாற்றிவிட்டேன். கீழே அவர் எழுதியது மட்டும் அநாதையாக நின்றது. எதைத் திருத்துகிறார் என்றே வந்தவர்களுக்குப் புரியவில்லை. இப்போது பழைய வாசிப்பைக் கோடிட்டு அடித்து, தேதியும் திருத்தியவர் பெயரும் (கேட்டுக்கொண்டு) போடுகிறேன்.

பதிவு நாளை காணாமல் போகலாம். இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் ஒரு பிரதி சேமியுங்கள். ஐரோப்பிய அணு ஆய்வு நிறுவனமான செர்ன் நடத்தும் ஜெனோடோ என்ற ஆய்வுச் சேமிப்பகத்தில் பிடிஎஃப் ஏற்றினால் இலவசமாக டிஓஐ எண் (ஆவணத்துக்கான நிலையான அடையாள எண்) கிடைக்கும். மேற்கோள் காட்டும்போது அதையே கொடுங்கள்.

"யார் மதிப்பிட்டது?" என்று வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள். அமெரிக்கப் பேராசிரியர் கேத்லீன் ஃபிட்ஸ்பாட்ரிக் 2009-இல் தன் நூலின் வரைவை முழுதாக இணையத்தில் வைத்து, யாரும் கருத்துச் சொல்லலாம் என்று விட்டார். பதிப்பகம் தன் வழக்கமான மதிப்பீட்டாளர்களிடமும் கொடுத்தது. 2011-இல் நியூயார்க் பல்கலைக்கழகப் பதிப்பகம் அதை வெளியிட்டது. இரண்டும் சேர்ந்தே நடக்கலாம் என்று சொல்லுங்கள்.

வகுப்பில் ஆளுக்கு ஒரு கல்வெட்டு கொடுத்துப் பதிவு எழுதச் சொல்கிறேன். பத்து மதிப்பெண்ணில் நான்கு, மற்றவர் கேள்விக்கு அவர்கள் சொன்ன பதிலுக்கு. நடையழகுக்கு எதுவும் இல்லை.

பதவி உயர்வுப் புள்ளிக் கணக்கில் வலைப்பதிவுக்கென்று தனி வரி கிடையாது. அதனால் திருத்தம் ஓய்ந்த பதிவைக் கட்டுரையாக்கி ஆய்விதழுக்கு அனுப்பிவிடுங்கள். நானும் அனுப்பினேன். மூன்றாம் அடிக்குறிப்பில் அந்தத் தமிழாசிரியர் பெயரும், அவர் எழுதிய தேதியும் இருக்கின்றன.