பழைய ரயில்வே சிக்னல் கருவிகளை இனம் காண்பது எப்படி?

பழைய சிக்னல் கருவி கைக்கு வந்ததும் பலரும் முதலில் தேடுவது பித்தளைப் பெயர்த்தகட்டைத்தான். இரண்டு திருகைக் கழற்றினால் மாற்றிவிடக்கூடிய பொருள் அது. அதைக் கடைசியில் பாருங்கள். கருவி என்ன வேலை செய்தது, அந்த வேலையில் எங்கே தேய்ந்தது என்பதுதான் முதல் கேள்வி.

கைகாட்டியில் தொடங்கலாம். நுனி நேராக வெட்டியிருந்தால் அது பெரும்பாலும் நிறுத்தச் சிக்னல். மீன்வாலாகப் பிளந்திருந்தால் முன்கூட்டியே எச்சரிக்கும் ‘டிஸ்டன்ட்’ வகை. பிரிட்டனில் 1920களில்தான் டிஸ்டன்ட் கைகள் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு மாறத் தொடங்கின. அதனால் அங்கிருந்து வந்த கையில் மஞ்சள் உரிந்த இடத்தில் சிவப்பு தெரிந்தால், அது அந்த மாற்றத்துக்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். பெயின்ட்டைச் சுரண்டிப் பார்க்க வேண்டாம். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும். உலர் தேய்ப்பில் எழும் தூசி நுரையீரலுக்குள் போகும்.

அடுத்து, கை இறங்கி வழிவிடுமா, ஏறி வழிவிடுமா? கையும் கண்ணாடிச் சட்டமும் (விளக்கின் முன் நிறக் கண்ணாடிகளைத் தாங்குவது) பிரியாமல் இருந்தால் அச்சில் மாட்டி மெல்ல விடுங்கள். கம்பி அறுந்தாலும் கை ‘நில்’ நிலைக்கே திரும்ப வேண்டும் என்பது விதி. ஏறும் வகையில் கை தன் எடையிலேயே விழும். இறங்கும் வகையில் சட்டத்தைக் கனமாக வார்த்திருப்பார்கள். அது தாழ்ந்து கையை மேலே தள்ளும். கண்ணாடிகள் இல்லாத சட்டம் எடை குறைந்து ஏமாற்றலாம்.

‘பச்சை’க் கண்ணாடி நீலமாக இருக்கிறதே என்று ஒதுக்கிவிடாதீர்கள். மண்ணெண்ணெய்ச் சுடரின் மஞ்சள் ஒளி அதன் வழியே வரும்போதுதான் பச்சையாகத் தெரியும். வெள்ளை எல்இடி விளக்கை வைத்துச் சோதித்தால் நீலமாகவே தெரியும். மண்ணெண்ணெய் விளக்கின் சட்டத்தில் அடர்பச்சைக் கண்ணாடி இருந்தால், பின்னால் யாரோ மாற்றியிருக்கலாம்.

சிக்னலையும் பாயிண்டையும் (ரயில் தடம் மாறும் இடம்) இயக்கும் லீவர்களில் பிரிட்டிஷ் வழக்கப்படி சிவப்பு நிறுத்தச் சிக்னலுக்கு, மஞ்சள் டிஸ்டன்ட்டுக்கு, கறுப்பு பாயிண்டுக்கு, நீலம் பாயிண்ட் பூட்டுக்கு, பழுப்பு கேட் பூட்டுக்கு, வெள்ளை உபயோகத்தில் இல்லாததற்கு. உழைத்த லீவரில் கைப்பிடி வழவழப்பாகவும், கொக்கி உட்காரும் இடம் ஒரு பக்கமாகத் தேய்ந்தும் இருக்கும். எல்லாப் பக்கமும் ஒரேபோல் ‘தேய்ந்திருந்தால்’ சந்தேகப்படுங்கள்.

எட்வர்ட் டையர் 1878இல் கொண்டுவந்த டேப்லட் கருவி ஒற்றைப் பாதைக்கானது. டேப்லட் என்பது அந்தப் பிரிவில் ரயில் செல்ல ஓட்டுநருக்குத் தரும் அனுமதி வட்டு. மறுமுனை நிலையம் ஒத்துழைக்காமல் டேப்லட் வெளியே வராது. ஒன்று வெளியே இருக்கும்வரை இன்னொன்றும் வராது. அடுத்தடுத்த பிரிவுகளின் டேப்லட்கள் மாறிப் பொருந்தாதபடி வெட்டு வேறுபடும். டேப்லட் தனியாகக் கிடைத்தால் அதில் பொறித்த இரண்டு நிலையப் பெயர்களோடு அந்த வெட்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பாதைப் பிரிவில் ரயில் இருக்கிறதா என்று காட்டும், ஊசி உள்ள பிளாக் கருவியை வீட்டு மின்சாரத்தில் ஒருபோதும் இணைக்காதீர்கள். உள்ளே இருப்பது பட்டோ பருத்தியோ சுற்றிய கம்பி. முதலில் மல்டிமீட்டரால் சுருளின் மின்தடையைப் பாருங்கள். தொடர்பே காட்டாவிட்டால் பற்றவைத்த முனைகளைச் சோதியுங்கள். பெரும்பாலும் அங்கேதான் அறுந்திருக்கும். தொடர்பு இருந்தால் ஒற்றை 1.5 வோல்ட் பேட்டரியில் தொடங்குங்கள். முனைகளை மாற்றி இணைத்தால் ஊசி எதிர்ப்பக்கம் சாய வேண்டும். இரு பக்கமும் சோம்பலாக நகர்ந்தால் காந்தம் தளர்ந்திருக்கலாம், அல்லது அச்சில் அழுக்கு அடைந்திருக்கலாம்.

இத்தனையும் பார்த்த பிறகு பெயர்த்தகட்டுக்கு வாருங்கள். தகட்டைச் சுற்றியுள்ள பழைய பெயின்ட்டின் விளிம்பு அதன் ஓரத்தோடு பொருந்துகிறதா, அருகில் பயன்படாத திருகுத்துளை ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவரை பாலிஷ் போட வேண்டாம்.