நகர மையத்தை மீட்கக் கலையை அழைக்கும்போது சறுக்கும் இடங்கள்

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ரயில் நிலையத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால், எஃகுத் தகடு போர்த்திய நான்கு பெரிய உருளைக் கட்டடங்கள் தெரியும். சுமார் 1.5 கோடி பவுண்டு செலவில், வெகுஜன இசைக்கான தேசிய மையமாக 1999 மார்ச்சில் திறந்தார்கள். ஆண்டுக்கு 4 லட்சம் பேர் வருவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். முதல் ஏழு மாதங்களில் வந்தவர்கள் ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டினார்கள். 2000-ஆம் ஆண்டின் நடுவிலேயே மூடுவிழா நடந்துவிட்டது. பிறகு ஷெஃபீல்டு ஹாலம் பல்கலைக்கழகம் வாங்கி, மாணவர் சங்கத்துக்குக் கொடுத்தது.

இத்தனைக்கும் இசைக்குப் பஞ்சமான ஊர் இல்லை அது. 'ஹியூமன் லீக்', 'பல்ப்' குழுக்களெல்லாம் அங்கே பிறந்தவைதான். ஊருக்குள் இருந்த இசை ஒருபக்கம், கட்டிய கட்டடம் இன்னொரு பக்கம். ஒருமுறை சுற்றிப் பார்த்தவர் மறுபடி உள்ளே போக என்ன காரணம் இருக்கிறது என்று யாரும் அழுத்திக் கேட்டதாகத் தெரியவில்லை. அதே இங்கிலாந்தின் வெஸ்ட் பிராம்விச் ஊரில் 2008-இல் திறந்த 'தி பப்ளிக்' கலை மையமும் ஐந்தே ஆண்டுகளில், 2013-இல், மூடப்பட்டது. கட்டுவதற்குப் பணம் எப்படியோ கிடைத்துவிடும். தேசிய லாட்டரியின் வருமானத்திலிருந்து நிதி வரும், அரசு மானியம் வரும். ஏழாவது வருடத்து மின்கட்டணத்துக்கும் காவலாளி சம்பளத்துக்கும் மானியம் கொடுக்க யாரும் முன்வருவதில்லை. நடத்தும் செலவைத் திட்ட அறிக்கையின் பின்னிணைப்புக்குத் தள்ளாமல் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

இதற்கெல்லாம் பதிலாக உடனே பில்பாவோவைக் காட்டுவார்கள். ஸ்பெயினின் அந்தத் தொழில் நகரம் 1997-இல் திறந்த குகன்ஹைம் அருங்காட்சியகத்தால் உலகப் புகழ் பெற்றது உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே நதியைச் சுத்தம் செய்யும் பெரிய வேலை தொடங்கியிருந்தது. நதிக்கரை நிலங்களைச் சீரமைக்க 1992-இல் தனி அமைப்பு வந்தது, 1995-இல் மெட்ரோ ஓடத் தொடங்கியது. கடைசியில் வைத்த கிரீடத்தை மட்டும் நகலெடுத்தால் பில்பாவோ வராது.

இன்னொரு தவறு மெதுவாகத்தான் தெரியும். நியூயார்க்கின் சோஹோவில் காலியாகக் கிடந்த தொழிற்கூடங்களில் கலைஞர்கள் சட்டவிரோதமாகக் குடியேறினார்கள். 1971-இல் நகரமே, சான்றளிக்கப்பட்ட கலைஞர்கள் அங்கே வசிக்கலாம் என்று விதியை மாற்றியது. பகுதிக்கு மவுசு வந்தது, வாடகை ஏறியது. அப்புறம் அதே வாடகை கலைஞர்கள் பலரை வெளியே தள்ளியது. கலைஞருக்கு அந்த இடத்தில் சொத்தோ நீண்டகாலக் குத்தகையோ இல்லையென்றால் இதுதான் நடக்கும்.

இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், பிராவிடன்ஸ் நகரத்துக்காரர்கள். 1985-இல் தொடங்கிய 'ஏ.எஸ்.220' என்ற கலைஞர் அமைப்பு, 1990-களின் தொடக்கத்தில் எம்பயர் தெருவில் பாழடைந்து கிடந்த ஒரு கட்டடத்தை விலைக்கே வாங்கியது. கீழே காட்சிக்கூடம், மேடை, உணவகம். மேலே கலைஞர்களுக்குக் குறைந்த வாடகையில் வீடும் பட்டறையும். பிறகு நகர மையத்திலேயே இன்னும் இரண்டு கட்டடங்களை வாங்கினார்கள். கீழ்த்தளக் கடை வாடகையும் கலைக்கே போகிறது. தெரு செழித்தால் இவர்களுக்கு வருமானம்தான், வெளியேறும் பயம் இல்லை. அதே நகர மையத்தில் கலைஞர்களின் விற்பனைக்கு மாநில அரசு வரி விலக்கும் கொடுத்தது. நல்லதுதான், ஆனால் அது விற்கிறவருக்கே உதவும். ஒன்றும் விற்காத மாதத்திலும் வீட்டு வாடகை கொடுத்தாக வேண்டுமே.

சுவரோவியம் என்றால் செலவு குறைவு, சிக்கல் இல்லை என்று ஒரு நினைப்பு உண்டு. நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் கிராஃபிட்டி எனும் தெருச் சுவரோவியங்களால் நிறைந்த '5பாயின்ட்ஸ்' கட்டடத்துக்கு 2013-இல் உரிமையாளர் இரவோடு இரவாக வெள்ளையடித்தார். ஓவியர்கள் வழக்குத் தொடுத்தார்கள். காட்சிக் கலைஞர் உரிமைச் சட்டத்தின்படி 67.5 லட்சம் டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று 2018-இல் தீர்ப்பு வந்தது. ஆகவே சுவர் யாருடையது, எத்தனை ஆண்டு ஓவியம் இருக்கும், அழிப்பதற்கு எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் வண்ண டப்பாவைத் திறக்கும் முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

பெரும்பாலான நகராட்சிகள் கலைஞரைக் கடைசியில்தான் கூப்பிடும், சாலையும் நடைபாதையும் முடிந்த பிறகு அலங்காரத்துக்கு. இதற்கு மாறாக நடந்த ஒன்று: அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் செயின்ட் பால், மினியாபொலிஸ் நகர மையங்களை இணைக்கும் ரயில் பாதைக்காகச் சாலையைத் தோண்டியபோது கடைக்காரர்கள் வியாபாரம் போய்விடும் என்று அஞ்சினார்கள். அங்கே ஓர் உள்ளூர் கலை அமைப்பு, அந்த வட்டாரக் கலைஞர்கள் சில நூறு பேருக்குப் பயிற்சி கொடுத்தது. சிறிய தொகைகளையும் தந்து, பாதையோரக் கடைகளோடு அவர்களை இணைத்துவிட்டது. 2014-இல் ரயில் ஓடத் தொடங்கும்வரை காத்திராமல், தோண்டிக் கிடந்த தெருவிலேயே இசையும் ஓவியமும் நடந்தன.