கொல்லையில் ஒரு தண்ணீர்ச் சட்டி: பறவை, பூச்சி பார்க்கத் தொடங்குபவர்களுக்கு

தோட்டத்துக்குப் பறவைகள் வரவேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் முதலில் தீனி வாங்கி வைப்பார்கள். நான் தண்ணீரிலிருந்து தொடங்கச் சொல்வேன். தானியம் வைத்தால் தானியம் தின்பவைதான் வரும். தண்ணீருக்கு, பூச்சி தின்பது, பழம் தின்பது எல்லாம் வரும். அணிலும் வரும், தேனீயும் வரும்.

படி 1: சட்டி வைப்பது

அகலமான, ஆழமில்லாத மண்சட்டி போதும். தண்ணீர் 2 முதல் 5 சென்டிமீட்டர் நின்றால் சரி. வழவழப்பான பாத்திரம் வேண்டாம், பறவைக்குக் கால் வழுக்கும். நடுவில் ஒரு சொரசொரப்பான கல்லைத் தண்ணீருக்கு மேலே தெரியும்படி வையுங்கள். தேனீக்கள் மூழ்காமல் குடிக்க அதுதான் படித்துறை.

சட்டி புதரிலிருந்து சுமார் 2 மீட்டர் தள்ளி இருக்கட்டும். என் முதல் சட்டியை நான் வேலிச்செடியின் அடியிலேயே வைத்திருந்தேன். ஒருநாள் காலையில் அங்கே சிறகுகள் மட்டும் சிதறிக் கிடந்தன. பூனை பதுங்க நானே இடம் கொடுத்திருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. அன்றைக்கே இடம் மாற்றினேன். அதற்காக ஒரேயடியாக வெட்டவெளியிலும் வைக்காதீர்கள். பயந்தால் பறந்துபோய் ஒளிய ஒரு கிளையாவது பக்கத்தில் வேண்டும்.

தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். முடியாவிட்டால் இரண்டு நாளைக்கு ஒருமுறையாவது கொட்டி, பாசியைத் தேய்த்துக் கழுவுங்கள். கொசுமுட்டை பறக்கும் கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும் என்பதால் இப்படிச் செய்தால் அந்தக் கவலை இல்லை.

படி 2: உட்காருவது

சூரியன் உதித்த முதல் இரண்டு மணி நேரம்தான் நல்ல நேரம். தினமும் ஒரே இடத்தில் உட்காருங்கள். முதல் பத்து நிமிடம் ஒன்றும் வராது, எழுந்துவிடாதீர்கள். பிறகு ஏதோ ஒன்று உயரக் கிளையில் வந்து உட்காரும். அடுத்து தாழ்ந்த கிளை, அடுத்து சட்டி விளிம்பு. அலகில் நீரை அள்ளி, தலையை அண்ணாந்து விழுங்கும். பல பறவைகள் இப்படித்தான் குடிக்கும். புறா வந்தால் கவனியுங்கள்: அலகை முக்கினால் தலை தூக்காமல் உறிஞ்சிக் குடிக்கும். இதைக் கண்ணால் பார்த்தபிறகுதான் எனக்கு இந்தப் பழக்கமே பிடித்துக்கொண்டது.

படி 3: பூச்சிமருந்தை நிறுத்துவது

தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுக்குப் பூச்சியைத்தான் கொண்டுபோய்க் கொடுக்கும். மருந்தடித்த தோட்டத்தில் அதற்கு ஒன்றும் கிடைக்காது. ஒரு மூலையில் சருகைப் பெருக்காமல் விட்டுவிடுங்கள்.

எலுமிச்சைச் செடி இருந்தால் இலைகளை உற்றுப் பாருங்கள். கறுப்பும் வெள்ளையுமாகப் பறவை எச்சம் போல ஒட்டியிருப்பது எச்சமாக இல்லாமலும் இருக்கலாம். அது வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு. வளர்ந்ததும் பச்சையாகிவிடும். லேசாகச் சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவை போன்ற ஒன்றை நீட்டி, காட்டமான வாடையை வீசும். நாலு இலை போகட்டும், விட்டுவிடுங்கள்.

படி 4: எழுதி வைப்பது

நாள், நேரம், என்ன செய்தது, இவ்வளவு போதும். பெயர் தெரியாவிட்டால் நிறம், அலகு, வால் ஆட்டும் விதம் ஆகியவற்றை எழுதுங்கள். பறவைக் குரலை வைத்து அடையாளம் காண கார்னெல் பல்கலைக்கழகத்தின் மெர்லின் செயலி உதவும். பைனாகுலர் வாங்குவதானால் 8 மடங்கு பெரிதாக்குவதே புதியவர்களுக்கு ஏற்றது. அதற்கு மேல் போனால் கை நடுக்கத்தில் காட்சி ஆடும்.

கடைசியாக ஒன்று. இறகு முளைத்த குஞ்சு தரையில் தத்திக்கொண்டிருந்தால், அடிபட்டிருந்தாலொழிய, வீட்டுக்குள் எடுத்துவராதீர்கள். பறக்கப் பழகும் பருவம் அது. தாய் பக்கத்திலேயே இரையோடு காத்திருக்கும். பூனையை உள்ளே அடைத்துவிட்டு, நீங்கள் தள்ளிப்போய் நில்லுங்கள்.