மேற்கோள் எண்ணிக்கையைப் படிப்பது எப்படி? குரங்கு மூளை ஆய்வை வைத்து ஒரு செய்முறை

ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் ஒரு நரம்பியல் ஆய்வாளரின் பக்கத்தைத் திறந்தால் மூன்று எண்கள் கண்ணில் படும்: மொத்த மேற்கோள்கள் (அவருடைய கட்டுரைகளைப் பிற கட்டுரைகள் எத்தனை முறை சுட்டியிருக்கின்றன என்ற கணக்கு), எச்-இன்டெக்ஸ், ஐ10-இன்டெக்ஸ். பெரும்பாலானவர்கள் “பெரிய ஆள்தான்” என்று அங்கேயே முடித்துக்கொள்கிறார்கள். அதற்குப் பின்னால் என்ன வேலை நடந்திருக்கிறது என்று தோண்டிப் பார்க்கும் வழி இது.

எடுத்துக்காட்டுக்கு வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ். குரங்குகளின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களை ஆராய்ந்தவர். ஸ்விட்சர்லாந்தின் ஃப்ரிபூர்கிலிருந்து 2001இல் கேம்பிரிட்ஜுக்குப் போனவர். 2017இல் பீட்டர் டயான், ரே டோலன் இருவரோடும் மூளை ஆய்வுக்கான பிரெய்ன் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்.

படி 1: ஆள் சரிதானா?

பெயரின் முதலெழுத்தும் குடும்பப் பெயரும் ஒத்துப்போகிறவர்கள் ஏராளம். மருத்துவ, உயிரியல் கட்டுரைகளின் தேடுதளமான பப்மெட்டில் தேடும்போது பெயரோடு ‘டோபமைன்’, ‘குரங்கு’ போன்ற சொற்களை ஆங்கிலத்தில் சேர்த்துத் தேடுங்கள். ஆய்வாளர்களுக்குத் தரப்படும் ஓர்க்கிட் என்ற 16 இலக்க அடையாள எண் இருந்தால் குழப்பமே இல்லை.

படி 2: எச்-இன்டெக்ஸைக் கையால் ஒருமுறை கணக்கிடுங்கள்

இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த அளவு இது: ஒவ்வொன்றும் குறைந்தது எச் மேற்கோள் பெற்ற கட்டுரைகள் எச் இருக்க வேண்டும்; அப்படி அமையும் மிகப் பெரிய எண்தான் எச். ஒருவரின் ஐந்து கட்டுரைகளுக்கு முறையே 50, 20, 9, 4, 3 மேற்கோள்கள் என்று வையுங்கள். குறைந்தது 4 மேற்கோள் பெற்றவை 4 கட்டுரைகள். 5 மேற்கோள் பெற்றவை 5 இல்லை. ஆகவே எச் = 4. முதல் கட்டுரையின் 50 நாளைக்கு 5,000 ஆனாலும் எச் 4தான். துறையையே திருப்பிப்போட்ட ஒற்றைக் கட்டுரை இந்த எண்ணில் தெரியவே தெரியாது.

ஐ10 என்பது 10 மேற்கோளாவது பெற்ற கட்டுரைகளின் எண்ணிக்கை, அவ்வளவுதான். இன்னொன்று: ஸ்காலர் ஆய்வேடுகளையும் பிரீபிரின்ட்களையும் (இதழில் வெளிவரும் முன்பே இணையத்தில் ஏற்றிய கட்டுரைகள்) கணக்கில் எடுப்பதால் அதன் எண்கள் பொதுவாக ஸ்கோபஸ் என்ற இன்னொரு மேற்கோள் தரவுத்தளத்தை விடக் கூடுதலாக இருக்கும். இரண்டையும் கலந்து ஒப்பிடாதீர்கள்.

படி 3: முதல் ஐந்து கட்டுரைகளைத் திறந்து வகை பிரியுங்கள்

விஷயமே இங்கேதான் இருக்கிறது. சோதனையா, கோட்பாடா, பிறர் ஆய்வுகளையும் தொகுத்து அலசும் மறுஆய்வுக் கட்டுரையா என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஷுல்ட்ஸின் சோதனை எளிது. எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் குரங்கின் டோபமைன் நரம்பணுக்கள் துள்ளும். ஒரு சைகைக்குப் பிறகு சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பின், அந்தத் துள்ளல் சைகைக்கு மாறிவிடும். எதிர்பார்த்த நேரத்தில் சாறு வராவிட்டால் நரம்பணுக்கள் வழக்கத்தைவிட அடங்கிப்போகும். இதற்கான அளவீடுகளில் பெரும்பகுதி 1990களின் முற்பகுதியில் லியுங்பெரி, அபிசெல்லா முதலியோருடன் எழுதிய கட்டுரைகளில் இருக்கிறது. ஆனால் உலகமே மேற்கோள் காட்டுவது 1997இல் ‘சயின்ஸ்’ இதழில் டயான், மான்டேக் இருவரோடும் வந்த கட்டுரையையும், 1998இல் அவர் தனியாக எழுதிய மறுஆய்வையும். 1997 கட்டுரை அந்தத் துள்ளலைக் கணினிக் கற்றலில் வரும் ‘கணிப்புப் பிழை’யோடு, அதாவது எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டோடு, இணைத்தது. அதனால்தான் பொருளியல், மனநல மருத்துவம், செயற்கை நுண்ணறிவு என்று எல்லாப் பக்கமிருந்தும் மேற்கோள்கள் வந்தன. மின்முனையை வைத்துப் பொறுமையாக அளந்த பழைய கட்டுரைகளுக்கு அந்த அளவு வெளிச்சம் இல்லை. நியாயமா என்றால், இல்லை என்றுதான் சொல்வேன்.

படி 4: பெயர் வரிசை

முதல் பெயர் பெரும்பாலும் சோதனையைச் செய்தவர். கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவர். 1997 கட்டுரை இந்த வழக்கத்துக்கு அடங்காது. குரங்கு ஆய்வகத்தின் தலைவர் முதலிலும் கோட்பாட்டாளர்கள் பின்னாலும் இருக்கிறார்கள். ஆகவே வரிசையைத் துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 5: ஆண்டுவாரி வரைபடம்

எந்த ஆண்டில் எத்தனை மேற்கோள் வந்தது என்று ஸ்காலர் பக்கத்தில் உள்ள வரைபடத்தையும் பாருங்கள்; சில வேலைகளுக்கு மதிப்பு தாமதமாகத்தான் வரும். நரம்பியலாளர் சார்லஸ் கிராஸ் 1969இலும் 1972இலும், குரங்கு மூளையின் கீழ்ப் பக்கமடலில் கை வடிவத்துக்குத் துள்ளும் நரம்பணுக்கள் இருப்பதாக எழுதினார். பத்தாண்டுக்கு மேல் அதைச் சரிபார்க்கக்கூட யாரும் முன்வரவில்லை. அதே பகுதியில் முகங்களுக்குத் துள்ளும் நரம்பணுக்கள் இன்று தனி ஆய்வுத் துறை. அவருடைய முதல் பத்தாண்டு எண்களை மட்டும் பார்த்து எடைபோட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

படி 6: எதற்காகக் காட்டுகிறார்கள்?

மேற்கோள்கள் எல்லாமே பாராட்டு இல்லை. இத்தாலியின் பார்மாவில் ரிசொலாட்டி குழுவினர் மக்காக் குரங்குகளிடம் கண்ட கண்ணாடி நரம்பணுக்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு செயலைத் தானே செய்யும்போதும் பிறர் செய்வதைப் பார்க்கும்போதும் துள்ளுபவை இவை; பிறர் செயலைப் புரிந்துகொள்வதே இவற்றால்தான் என்று ஒரு கோட்பாடு எழுந்தது. 2009இல் அந்தக் கோட்பாட்டின் எட்டுச் சிக்கல்களை ஆய்வாளர் கிரெகரி ஹிக்கோக் பட்டியலிட்டார். அந்த மறுப்பும் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டும். மேற்கோள் காட்டிய கட்டுரைகளில் பத்தைத் திறந்து அந்த வாக்கியத்தை மட்டும் படியுங்கள். ஏற்கிறார்களா, எதிர்க்கிறார்களா, பேருக்குச் சொல்லிப் போகிறார்களா என்பது தெரிந்துவிடும்.

படி 7: யாரோடு ஒப்பிடுவது?

குரங்கு மூளை ஆய்வில் ஒரு கட்டுரைக்கு வழக்கமாக இரண்டு விலங்குகள். அவற்றைப் பழக்கவே மாதக்கணக்காகும். மனிதர்களை ஸ்கேனரில் படுக்கவைத்து ஆராயும் குழுக்கள் அதைவிட வேகமாக எழுதித் தள்ள முடியும். எனவே, ஏறக்குறைய அதே ஆண்டில் ஆய்வைத் தொடங்கி, அதே வகை விலங்கோடு வேலை செய்த இரண்டு மூன்று பேரைத் தேர்ந்து, அவர்களுக்கும் படி 3-ஐச் செய்து பாருங்கள்.