கழுத்துக்கு ஏற்ற முத்து: நிறம் பார்த்து எடுக்கும் முறை

கடையில் ‘வெள்ளை முத்து’ என்று நீட்டும் இரண்டு சரங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்றில் இளஞ்சிவப்பு ஓடும், மற்றதில் லேசான பச்சை. அடிநிறம் இரண்டுக்கும் வெள்ளைதான். முகத்தை எடுப்பாகவோ சோர்வாகவோ காட்டுவது மேலே மிதக்கும் இந்தச் சாயல். பெரும்பாலானோர் பார்க்கத் தவறுவதும் இதைத்தான்.

சிப்பி, முத்தை மெல்லிய சுண்ணத் தகடுகளாக அடுக்கி வளர்க்கிறது. ஒரு தகட்டின் கனம் சுமார் அரை மைக்ரான், ஏறத்தாழ ஒளியின் அலைநீளம். அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளியில் சில நிறங்கள் தூக்கலாகத் தெரிகின்றன. இந்த அடுக்குப் பூச்சு மெலிந்திருந்தால் முத்து பளபளப்பு இல்லாமல் சுண்ணாம்பு உருண்டைபோல் கிடக்கும். அதற்கு எந்த நிறம் இருந்தும் பயனில்லை. பளபளப்பை முதலில் பாருங்கள், நிறம் பிறகு.

கடையின் மஞ்சள் விளக்கில் கிரீம் முத்தும் பொன்னிறமாகத் தெரியும். நேர்வெயில் படாத ஜன்னலோரத்தில், மினுக்கமில்லாத வெள்ளைத் துணிமேல் சரத்தை உருட்டிப் பாருங்கள். ஒளிப்புள்ளியைச் சுற்றி, விளிம்பை நோக்கிப் படரும் நிறமே சாயல். முத்து கண்ணாடி மாதிரி. சிவப்புப் பட்டு உடுத்திப் பார்த்தால் எல்லாமே ரோஜாச் சாயலாகத்தான் தெரியும். வெளிர்நிறப் பருத்தி உடுத்திப் போவது நல்லது.

இரண்டு சரங்களைக் கழுத்தின் இருபுறமும் பிடித்து, கண்ணாடிக்கு மூன்றடி தள்ளி நில்லுங்கள். முத்தைப் பார்க்காமல் கண்ணுக்குக் கீழுள்ள நிழலைப் பாருங்கள். எந்தப் பக்கம் அது குறைந்து தெரிகிறதோ அந்தச் சரமே பொருத்தம். தினமும் போடும் தங்கச் சங்கிலியைக் கழற்ற வேண்டாம், முத்து அதோடுதானே இருக்கப்போகிறது.

மாநிறத்துக்கு ரோஜாச் சாயலுள்ள கிரீம் முத்து பெரும்பாலும் கைகொடுக்கும். மஞ்சள் கலந்த சருமத்தில் பச்சைச் சாயல் வெளிறிக் காட்டும். கருநிறத்தில் நல்ல பளபளப்புள்ள வெள்ளை அழகாக எடுத்துக் கொடுக்கும், மங்கலானது சாக்குக்கட்டிபோல் தனித்து நிற்கும். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியாவிலிருந்து வரும் பொன்னிறத் தென்கடல் முத்து 22 காரட் தங்கத்தோடு இழையும். தாஹிதிக் கருமுத்தில் பச்சையும் ஊதாச் சிவப்பும் கலந்த மயில்கழுத்துச் சாயலைத் தேடுங்கள். வெறும் சாம்பல் கறுப்பு, கருநிறச் சருமத்தில் அமுங்கிவிடும். ஹைதராபாத் கடைகளில் கிடைப்பதில் பெரும்பகுதி சீன நன்னீர் முத்து. வெள்ளை, பீச், இளம் ஊதா அதில் இயற்கையாகவே வரும். கறுப்பு வராது. கறுப்பு நன்னீர் முத்து என்றால் நிறமேற்றியதுதான்.

நிறமேற்றியதைத் துளை காட்டிக்கொடுக்கும். பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள்: துளையின் வாயிலும் சிறு குழிகளிலும் நிறம் தேங்கியிருந்தாலோ, நூலில் கறை இருந்தாலோ அது சாயம். சரம் முழுக்க அச்சில் வார்த்ததுபோல் ஒரே பொன்னிறமாக இருந்து, விலையும் மலிவாக இருந்தால் கட்டாயம் துளையைப் பாருங்கள். பல்லில் உரசிப் பார்ப்பது போலி முத்தைக் கண்டுபிடிக்குமே தவிர, சாயத்தைக் காட்டாது.

வாங்கிய நிறம் நிலைக்க, வாசனைத் திரவியம் போட்டு அது உலர்ந்த பிறகே முத்தை அணியுங்கள். கழற்றியதும் ஈரத்துணியால் வியர்வையைத் துடைத்து, நூல் நன்றாக உலர்ந்த பின் பெட்டியில் வையுங்கள். எலுமிச்சை, வினிகர் பட்டால் பூச்சு அரிக்கும். அதன்பின் சாயல் திரும்பாது.